"டாக்டர், காலை எடுத்துடுவாங்களா?" – மென்திசு சார்கோமாவின் கதை

கொஞ்சம் நீளமான தொடர் பதிவு இது. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

தொடையில் தேங்காய் அளவு கட்டியோடு வந்த ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்விதான் தலைப்பில் இருக்கிறது. "புற்றுநோயா?" என்றுகூட அவர் கேட்கவில்லை. ஒன்றரை வருஷமாகக் கட்டி இருக்கிறது. வலி இல்லை. பைக்கில் இருந்து விழுந்ததில் ரத்தம் கட்டியிருக்கும் என்று இவரே முடிவு பண்ணிக்கொண்டார். சொந்தக்காரர் ஒருவர் "கொழுப்புக் கட்டிதான், கத்தி பட்டா பரவிடும், தொடாதே" என்று சொல்லியிருக்கிறார். ஒன்றரை வருஷம் அப்படியே போய்விட்டது.

அவர் கேட்ட கேள்விக்கு ஐம்பது வருஷத்துக்கு முன்னால் உலகத்தின் மிகச்சிறந்த மருத்துவமனைகளில்கூட பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஆமாம், எடுக்கணும்." இன்றைக்குப் பெரிய புற்றுநோய் மையங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கை கால் தப்பிக்கிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் பெயர். கிரேக்க மொழியில் சதைக்கு "சார்க்ஸ்" என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் சார்கோமா. நாம் அடிக்கடி கேள்விப்படும் மார்பகம், குடல், வாய்ப் புற்றுநோய்கள் எல்லாம் தோல் போன்ற உறைச் செல்களிலும் சுரப்பிச் செல்களிலும் உருவாகுபவை. சார்கோமா அப்படி இல்லை. உடம்பைத் தாங்கி, இணைத்து, நிரப்புகிற சமாச்சாரங்கள் இருக்கிறதே – தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய், மூட்டைச் சுற்றிய திசு – அவற்றின் வகையைச் சேர்ந்தது. எலும்பில் வந்தால் எலும்பு சார்கோமா. மற்றதெல்லாம் மென்திசு சார்கோமா. இதற்குள்ளேயே 50க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது சுமார் 1 சதவீதம்தான். குழந்தைகளில் சுமார் 7 சதவீதம். அபூர்வமான நோய் என்பதால்தான் ஆபத்து அதிகம். ஒரு சாதாரண டாக்டர் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான கொழுப்புக் கட்டிகளைப் பார்ப்பார், சார்கோமா ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம். நூறு கட்டியில் தொண்ணூற்றொன்பது சாதுவாக இருந்தால் நூறாவதையும் சாது என்று நினைப்பது மனித இயல்பு. டாக்டரும் மனிதர்தான்.

சரி, "அடிபட்டதால் வந்தது" என்ற கதைக்கு வருவோம். இது நம்ம ஊர் நம்பிக்கை மட்டும் இல்லை. 1890ல் அமெரிக்காவில் 17 வயதுப் பெண் ஒருவருக்கு ரயில் பயணத்தில் இருக்கைகளுக்கு நடுவே கை மாட்டிக்கொண்டது. சின்னக் காயம்தான். ஆனால் வீக்கம் வற்றவில்லை, வலி கூடிக்கொண்டே போனது. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற 28 வயது அறுவைசிகிச்சை நிபுணரிடம் வந்தார். சார்கோமா என்று தெரிந்ததும் கோலி முழங்கைக்குக் கீழே கையை எடுத்தார். அன்றைக்கு அவ்வளவுதான் செய்ய முடியும். ஆனாலும் 1891 ஜனவரியில், சில மாதங்களிலேயே, உடம்பு முழுக்கப் பரவி அந்தப் பெண் இறந்துபோனார்.

(அடிபட்டால் சார்கோமா வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கிறோம், ஏற்கனவே இருந்த கட்டி அப்போது கைக்குத் தட்டுப்படுகிறது. அவ்வளவுதான். ஆனால் "அடிபட்ட வீக்கம்" ஒரு மாசம் தாண்டியும் வற்றாமல் பெரிசாகிக்கொண்டே போனால் அது அடிபட்ட வீக்கம் இல்லை.)

அந்த மரணம் கோலியைத் தூங்கவிடவில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்தில் சார்கோமா வந்து, பலமுறை ஆபரேஷன் செய்தும் திரும்பத் திரும்ப வளர்ந்து, கைவிடப்பட்ட ஒரு நோயாளி. அவருக்கு எரிசிபெலஸ் என்ற கடுமையான தோல் தொற்று வந்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது கட்டி கரைந்திருந்தது. கோலி நியூயார்க்கில் ஆளைத் தேடி அலைந்து, ஏழு வருஷம் கழித்தும் உயிரோடு இருப்பதை நேரிலேயே பார்த்தார். பிறகு தானே பாக்டீரியாவை நோயாளிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் அந்தத் தொற்றிலேயே இறந்தார்கள். இன்றைய இம்யூனோதெரபிக்குத் தாத்தா என்று கோலியைச் சொல்வார்கள். ஆனால் அவருடைய முறை அன்றைக்கு நிலைக்கவில்லை. சார்கோமா வந்தால் கத்தி ஒன்றே வழி என்றுதான் அடுத்த அறுபது எழுபது வருஷம் ஓடியது.

இடையில் ஒரு கோழிக் கதை. சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை.

1909ல் ஒரு பண்ணைக்காரர் நெஞ்சில் கட்டி இருந்த தன் கோழியை நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே இருந்த பேட்டன் ரௌஸ் பரிசோதித்தார். அது சார்கோமா. கட்டியை அரைத்து, செல்களே இல்லாதபடி வடிகட்டி, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது! வைரஸ் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று 1911ல் எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசு வந்தது 1966ல். 55 வருஷம் கழித்து, 87 வயதில்! பிறகு 1976ல் பிஷப், வார்மஸ் குழுவினர் அந்த வைரஸில் இருந்த புற்று ஜீன் வைரஸுடைய சொந்தச் சொத்தே இல்லை, சாதாரணக் கோழியின் செல்லில் இருந்து அது "திருடிய" ஜீன் என்று காட்டினார்கள். புற்றுநோயின் விதை நம் சொந்த ஜீன்களுக்குள்ளேயே இருக்கிறது என்ற இன்றைய அறிவியலுக்கு அந்தக் கோழியின் சார்கோமாதான் பிள்ளையார் சுழி. (கோழி சாப்பிட்டால் புற்றுநோய் வருமா என்று கீழே கேட்காதீங்க. வராது. அது கோழிகளின் வைரஸ்.)

இப்போது காலுக்கு வருவோம்.

அந்தக் காலத்து சர்ஜன்கள் காலை எடுத்தது இரக்கம் இல்லாமல் இல்லை. சார்கோமா ஒரு ஏமாற்றுக்காரன். வளரும்போது சுற்றியுள்ள திசுவை அழுத்தி அழுத்தித் தன்னைச் சுற்றி ஒரு உறை மாதிரி உருவாக்கிக்கொள்ளும். ஆபரேஷன் தியேட்டரில் அதைப் பிரித்தால் நுங்கு மாதிரி அழகாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும். "முழுசா வந்துடுச்சு" என்று சர்ஜனுக்குச் சந்தோஷம். ஆனால் அந்த உறையே புற்றுச் செல்களால் ஆனது, அதைத் தாண்டியும் செல்கள் பரவியிருக்கும். கோரைப்புல்லை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்குமே, அந்த மாதிரி. கட்டியை மட்டும் நோண்டி எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அதே இடத்தில் திரும்பவும் வந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் "மூட்டுக்கு மேலே எடுத்துவிடு" என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஆனால் சிலருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. 1960களிலேயே ஹூஸ்டனில் ஹெர்மன் சூட், ராபர்ட் லிண்ட்பெர்க் போன்ற கதிர்வீச்சு நிபுணர்கள் கட்டியை மட்டும் ஆபரேஷனில் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் செல்களைக் கதிர்வீச்சால் அழிக்கலாமே என்று செய்து பார்த்தார்கள். நம்ம ஊர் பாஷையில் "கரண்ட் வைக்கிறது". பலருக்குக் கால் தங்கியது. ஆனால் உயிர்? காலைக் காப்பாற்றப் போய் ஆளைக் கொன்றுவிடுகிறோமா? இதற்கு நேர்மையான பதில் வேண்டுமென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒப்பிட்டார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், ஸ்டீவன் ரோசன்பெர்க் தலைமையில். 1975 மே மாதத்தில் ஆரம்பித்து 1981 வரை. கையிலோ காலிலோ வீரியமான மென்திசு சார்கோமா வந்த பெரியவர்கள் 43 பேர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கல் மாதிரி முடிவு செய்தார்கள். 16 பேருக்கு உறுப்பு நீக்கம். 27 பேருக்கு உறுப்பைக் காக்கும் ஆபரேஷன், கூடவே கதிர்வீச்சு. இரண்டு பக்கமும் எல்லோருக்கும் கீமோ.

ஒரு நிமிஷம் அந்த 43 பேரில் ஒருவராக உங்களை நினைத்துப் பாருங்க. "உங்க கால் இருக்குமா போகுமா என்பதைச் சீட்டுதான் சொல்லும்" என்று டாக்டர் சொல்கிறார். நீங்கள் கையெழுத்துப் போடுவீங்களா? நான் போட்டிருப்பேனா என்று எனக்கே தெரியாது.

1982ல் முடிவு வெளிவந்தது. கால் தப்பியவர்களில் 4 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. கால் எடுத்தவர்களில் ஒருவருக்கும் அப்படித் திரும்பவில்லை. இங்கேயே நின்றுவிட்டால் "எடுத்ததுதான் சரி" என்று தோன்றும். ஆனால் ஐந்து வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள்? கால் எடுத்தவர்களில் 88 சதவீதம், கால் தப்பியவர்களில் 83 சதவீதம். இவ்வளவு சின்னக் குழுவில் இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது.

ஏன் அப்படி? சார்கோமா ஆளைக் கொல்வது காலில் இருந்துகொண்டு இல்லை. ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய்த்தான் கொல்கிறது. போக வேண்டிய செல்கள் ஏற்கனவே கிளம்பிவிட்டிருந்தால் காலை வெட்டி என்ன பயன்? திருடன் போன பிறகு வீட்டையே இடிப்பது மாதிரி. கிளம்பவில்லை என்றால் கட்டியைச் சுற்றி ஒரு அடுக்கு நல்ல திசுவோடு சேர்த்து எடுத்து, கரண்ட் வைத்தாலே பெரும்பாலும் போதும்.

43 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. இன்றைய புள்ளியியல் நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த ஆய்வைத் திரும்பச் செய்யவும் முடியாது. முடிவு தெரிந்த பிறகு அந்தச் சீட்டை யார் எடுப்பார்? அமெரிக்காவில் 1984 டிசம்பரில் நிபுணர்கள் கூடி, உறுப்பைக் காக்கும் சிகிச்சையைப் பற்றியே மூன்று நாள் பேசினார்கள். அதன் பிறகு மெல்ல மெல்ல உலகம் முழுக்க நடைமுறை மாறியது. பின்னாளில் கனடாவில் 190 பேரை வைத்து, கதிர்வீச்சை ஆபரேஷனுக்கு முன்னால் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா என்று பார்த்தார்கள். முன்னால் கொடுத்தால் புண் ஆறுவதில் சிக்கல் 35 சதவீதம், பின்னால் கொடுத்தால் 17. ஆனால் பின்னால் கொடுத்தவர்களுக்கு வருஷங்கள் கழித்துக் கால் இறுகிப்போவது அதிகம். எதை வாங்கினாலும் ஒரு விலை உண்டு.

இன்றைக்கும் சிலருக்குக் காலை எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதில் சிலர் தாமதமாக வந்தவர்கள். இன்னும் சிலர், எனக்கு வயிற்றெரிச்சல் தரும் கூட்டம், ஸ்கேன் எதுவும் எடுக்காமல் "சின்னக் கட்டிதானே" என்று எங்கேயோ கீறி எடுக்கப்பட்டு, பிறகு பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்து அதிர்ந்து வந்தவர்கள். வெளிநாட்டு டாக்டர்கள் இதற்கு "வூப்ஸ் சர்ஜரி" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். "அச்சச்சோ ஆபரேஷன்" என்று வைத்துக்கொள்ளுங்க. தப்பான திசையில் கீறினால் கத்தி போன வழியெல்லாம் செல்கள் சிதறியிருக்கும், அடுத்த ஆபரேஷனில் அந்த வழி முழுவதையும் சேர்த்து எடுக்க வேண்டும். முதல் கீறல் யார் கையால், எந்த இடத்தில் என்பதில் பாதி விதி முடிந்துவிடுகிறது.

குழந்தைகளின் கதை வேறு. எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் மென்திசு சார்கோமா, ராப்டோமயோசார்கோமா. தசையாக மாற வேண்டிய செல் பாதியில் வழி தவறிப்போவது. பெரும்பாலும் பத்து வயதுக்குள். கண்ணுக்குப் பின்னால் வரலாம், மூக்கு காதுக்குள் வரலாம், சிறுநீர்ப்பை பக்கம் வரலாம், கை காலிலும் வரலாம். கண் சில வாரங்களிலேயே பிதுங்கி வருவது, சிறுநீரில் ரத்தம், வலியில்லாத கட்டி – இப்படி ஆரம்பிக்கும்.

1970 வாக்கில் இந்த நோய் வந்த குழந்தைகளில் நாலில் ஒன்றுதான் பிழைத்தது. கண்ணுக்குப் பின்னால் என்றால் கண்ணையே குடைந்து எடுப்பார்கள், சிறுநீர்ப்பை என்றால் அடிவயிற்றையே காலி செய்வார்கள். அப்படியும் குழந்தைகள் இறந்தன. ஒரு மருத்துவமனைக்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு குழந்தைகள் வந்தால் எது சரியான சிகிச்சை என்று யார் கண்டுபிடிப்பது? 1972ல் அமெரிக்காவில் போட்டி போட்டுக்கொண்டிருந்த குழந்தைப் புற்றுநோய்க் குழுக்கள் கௌரவத்தை ஓரம் வைத்துவிட்டு ஒன்று சேர்ந்தன. ஒரே திட்டம், ஒரே பதிவேடு. ஒவ்வொரு குழந்தையிடமும் கற்றுக்கொண்டது அடுத்த குழந்தைக்குப் போனது. இருபது இருபத்தைந்து வருஷத்தில் பிழைப்பவர்கள் 70 சதவீதத்தைத் தாண்டினார்கள். கண்குழிக்குள் வரும் வகையில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், பெரும்பாலும் கண்ணை எடுக்காமலேயே.

இதற்கு உதவிய மூன்று மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? நம் வீட்டு வாசலிலும் சாமி படத்திலும் பார்க்கிற நித்யகல்யாணிச் செடியிலிருந்து. (உடனே செடியைப் பிடுங்கிக் கஷாயம் வைக்கக் கிளம்பாதீங்க. டன் கணக்கில் இலையைக் காய்ச்சினால் கிராம் கணக்கில் மருந்து கிடைக்கும். அளவு கொஞ்சம் தப்பினாலும் விஷம்.)

அதே காலத்தில் இன்னொரு கண்டுபிடிப்பு. கையில் இந்த சார்கோமா வந்த ஒரு கைக்குழந்தை. அதன் இளம் தகப்பனுக்கு ரத்தப் புற்றுநோய். குடும்பத்தில் மேலும் பல புற்றுநோய்கள். ஃபிரடெரிக் லீ, ஜோசப் ஃப்ரௌமெனி என்ற இருவர் "இது வெறும் கெட்ட நேரமா?" என்று யோசித்தார்கள். இந்த நோய் வந்த 648 குழந்தைகளின் சிகிச்சைப் பதிவுகளையும் இறப்புச் சான்றிதழ்களையும் உட்கார்ந்து படித்தார்கள். உடன்பிறந்த குழந்தைக்கோ, சித்தப்பா அத்தை பிள்ளைகளுக்கோ சார்கோமா வந்த குடும்பங்கள் நான்கு கிடைத்தன. அந்த வீடுகளில் இளம் வயதிலேயே மார்பகப் புற்று வந்த தாய்மார்களும் இருந்தார்கள். 1969ல் எழுதினார்கள். நாலு குடும்பத்தை வைத்து ஒரு நோயா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1990ல் டேவிட் மால்கின் குழுவினர் இப்படிப்பட்ட ஐந்து குடும்பங்களைப் பரிசோதித்தார்கள். ஐந்திலும் டிபி53 என்ற, செல்லின் காவல்காரன் மாதிரியான ஜீன் பிறவியிலேயே பழுதாகி இருந்தது. இன்றைக்கு அப்படிப்பட்ட குடும்பங்களைக் கண்டுபிடித்தால் வருஷா வருஷம் எம்ஆர்ஐ எடுத்து, அடுத்த புற்றைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க முடிகிறது. அதனால்தான் குழந்தைக்கு சார்கோமா என்றால் டாக்டர் "அம்மா வழியில, அப்பா வழியில யாருக்காவது?" என்று துருவித் துருவிக் கேட்கிறார். தயவுசெய்து மறைக்காதீங்க. கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பார்கள் என்று அத்தையின் மார்பகப் புற்றை மறைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, சென்னைக்கும் சார்கோமாவுக்கும் ஒரு தொடர்பு.

வயிறு, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற சார்கோமாவுக்கு எந்தக் கீமோவும் வேலை செய்யாது. 1998ல் ஜப்பானின் ஹிரோட்டா குழுவினர் இதில் கிட் என்ற ஜீன் "ஆன்" ஆகி நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ரத்தப் புற்றுக்காகச் செய்யப்பட்டிருந்த இமாட்டினிப் மாத்திரை அதே சுவிட்சையும் அணைக்கும். 2000 மார்ச்சில் ஹெல்சின்கியில் கல்லீரல் முழுக்கப் பரவிய நோயோடு இருந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தார்கள். சில வாரங்களில் கட்டிகள் சுருங்கின.

மாத்திரை இருக்கிறது, விலை? நோவார்டிஸ் நிறுவனத்தின் மாத்திரை அன்றைக்கு இந்தியாவில் மாதம் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் செய்தது 10,000 ரூபாய்க்குள் இருந்தது. 1998ல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்டிஸ் போட்ட விண்ணப்பம் 2006 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது. பழைய மருந்தின் புது வடிவம், பலனில் முன்னேற்றம் இல்லை என்பது முக்கியக் காரணம். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சட்டப் பிரிவையே எதிர்த்தது. 2007ல் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. தங்கள் திட்டத்தில் பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுத்தோம் என்பது நிறுவனத்தின் வாதம். கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் ஒரு நிறுவனத்தின் தயவில் வருஷக்கணக்கில் உயிர் வாழ்வது வேறு, மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுவது வேறு.

முதலில் சொன்னவர் என்ன ஆனார் என்று கேட்பீங்க. முதலில் எம்ஆர்ஐ, பிறகு ஊசி வழியாகச் சதை எடுத்து பயாப்ஸி, நுரையீரலுக்கு சிடி. நல்லவேளை, நுரையீரலில் எதுவும் இல்லை. ஐந்து வாரம் கரண்ட், அப்புறம் ஆபரேஷன். தொடைத் தசையில் ஒரு பகுதி போனது. கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். நுரையீரல் ஸ்கேனுக்குத் தவறாமல் வருகிறார், ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் வரும்வரை வாசலில் உட்கார மாட்டார், நடந்துகொண்டே இருப்பார்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ கட்டி இருந்தால்: நல்ல பெரிய எலுமிச்சம்பழ அளவுக்கு, அதாவது 5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா? தோலுக்குக் கீழே ஓடிப்பிடித்து விளையாடாமல் ஆழத்தில், தசையோடு ஒட்டி இருக்கிறதா? வளர்ந்துகொண்டே போகிறதா? எடுத்த இடத்திலேயே திரும்ப வந்ததா? இதில் ஒன்று "ஆமாம்" என்றாலும், கீறுவதற்கு முன்னால் ஸ்கேன் கேளுங்க. வலி இல்லை என்பதை வைத்து முடிவு பண்ணாதீங்க.

கட்டியை போட்டோ எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்ப வேண்டாம். போட்டோவைப் பார்த்து என்னால் மட்டும் இல்லை, யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைசிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்க.